கோமுகி வாளையின் இடுப்பளவு

பிடிபடாத மீனுக்கு இடுப்பளவு சொல்லக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் கள்ளக்குறிச்சியில், பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கச் சந்தில் தையல் கடை வைத்திருக்கிறார். இடுப்பளவு மட்டுமல்ல, கழுத்தளவும் சொல்வார். மீனுக்கு ஏது கழுத்து என்று கேட்டுவிடக் கூடாது. "செவுளுக்குப் பின்னாடி ஒரு எடம் இருக்குது சார். சட்டைன்னா அங்கதான் முதல் பட்டன் வரும்" என்பார்.

அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று ரேஷன் கார்டைப் பார்த்தால்தான் தெரியும். சந்தில் எல்லாருக்கும் அவர் டேப்பு பாய். அளவு டேப்பு எந்நேரமும் கழுத்தில் தொங்கும். கல்யாண வீட்டிலும் தொங்கும், பல் பிடுங்கப் போன ஆஸ்பத்திரியிலும் தொங்கியது. தொழுகைக்குப் போகும்போது மட்டும் கழற்றி மெஷின் மேல் வைத்துவிட்டுப் போவார்.

மாவட்டம் புதிதாய்ப் பிரிந்த சமயத்தில் எனக்குக் கள்ளக்குறிச்சிக்கு மாற்றல் வந்தது. டேப்பு பாய் கடையின் மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது, குடிபுகுந்தேன். வந்த வாரமே ஒரு பேண்ட் தைக்கக் கீழே இறங்கினேன். அவர் டேப்பை என் இடுப்பில் சுற்றினார்.

"முப்பத்தி ஆறு" என்றவர், ஒரு பெருமூச்சு விட்டு, "அவனுக்கு நாப்பத்தி ரெண்டு" என்றார்.

"யாருக்குங்க?"

"கோமுகி டேம்ல இருக்கான் சார், ஒருத்தன்."

அணையில் வேலை பார்க்கிற யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்துக்கொண்டேன். சக அரசு ஊழியர் என்றால் எனக்கு ஒரு அக்கறை உண்டு.

"பர்மனென்ட்டா, டெம்பரவரியா?"

"பர்மனென்ட்டுதான் சார். பதினாலு வருசமா அங்கியேதான் இருக்கான். டிரான்ஸ்பரே கெடையாது."

எனக்குப் பொறாமையாக இருந்தது. "என்ன வேலை?"

"வேல இன்னா சார் வேல. திங்கறான், தூங்கறான். மழ பேஞ்சா மேல வந்து ஒரு ரவுண்டு அடிக்கறான்."

"குடும்பத்தோட இருக்காரா?"

"இருப்பான் சார். கண்ணுல காட்ட மாட்டான்."

இதற்குமேல் தாங்க முடியாமல் எதிர்க்கடை டீ மாஸ்டர் வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினார். "சார், அது மீனு சார்! மீனு! அவருகிட்ட பேச்சு குடுக்காதீங்க, பேண்ட்டு அடுத்த தீவாளிக்குத்தான் வரும்!"

அது வாளை மீன். கடல் வாளை இல்லை. அணையிலும் ஏரியிலும் அடி ஆழத்தில் படுத்துக் கிடக்கிற வாளை. செதில் கிடையாது, மீசை உண்டு, வாய் கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். ஆள் நீளத்துக்கு வளரும் என்கிறார்கள். கல்வராயன் மலைத் தண்ணீர் வந்து நிறைகிற கோமுகி அணையில், பதினான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்படி ஒன்று பாயின் தூண்டிலில் மாட்டியது. மூங்கில் கழி வில்லாக வளைந்தது. பாய் வழுக்கி, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். தூண்டில் நரம்பு அறுவதற்கு முன்னால் அந்த மீன் ஒரே ஒரு தடவை மேலே வந்து புரண்டது.

வேறு யாராக இருந்தாலும் அந்த நொடியில் கத்தியிருப்பார்கள், இல்லை கடவுளைக் கூப்பிட்டிருப்பார்கள். டேப்பு பாய் அளவெடுத்தார். கண்ணாலேயே எடுத்தார். நீளம் அறுபத்திரண்டு இஞ்ச். சுற்றளவு நாற்பத்திரண்டு.

இதைப் புளுகு என்று தள்ளிவிட முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய கண் தப்பு செய்து யாரும் பார்த்ததில்லை. கோர்ட்டுக்குப் போகிற ஒரு வக்கீல் தினமும் எங்கள் சந்து வழியாகத்தான் நடப்பார். ஒரு நாள் பாய் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "வக்கீல் சார், ஒரு இஞ்ச் ஏறிட்டீங்க" என்றார். வக்கீலுக்குக் கோபம் வந்துவிட்டது. சந்திலேயே நின்று வாதாடினார். கடைசியில் டேப்பை வைத்து அளந்தார்கள். சரியாக ஒரு இஞ்ச். மறுநாளிலிருந்து வக்கீல் வேறு சந்து வழியாகப் போக ஆரம்பித்தார்.

மனிதர்கள் விஷயத்தில் இவ்வளவு சரியாக இருப்பவர் மீன் விஷயத்தில் மட்டும் எப்படித் தவறுவார்? ஊரில் பாதிப் பேர் இப்படி யோசித்தார்கள். மீதிப் பாதி டீ மாஸ்டர் கட்சி.

பாயின் மனைவி எந்தக் கட்சியிலும் இல்லை. பாயம்மா கடையின் உள்பக்கம் உட்கார்ந்து ரவிக்கைகளுக்குக் கொக்கி தைப்பார். கை ஓயாது, வாயும் ஓயாது.

"நானும் ஒரு நாளைக்கி நூறு கொக்கி தைக்கிறேன் சார். ஒண்ணாச்சும் நழுவியிருக்குதா கேளுங்க. இந்த மனுசன் ஒரே ஒரு கொக்கிய வச்சிக்கினு பதினாலு வருசமா அல்லாடிக்கினு இருக்குது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாய் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு மொபெட்டில் கிளம்புவார். அந்த மொபெட் சந்து முனையில் திரும்பியதும் பாயம்மா கூடையை எடுத்துக்கொண்டு மீன் மார்க்கெட்டுக்குக் கிளம்புவார். "அது வர்ற வரைக்கும் பாத்துக்கினு இருந்தா மார்க்கெட்டுல மீனு தீந்துபோவும் சார்." பாய் மதியம் வெறுங்கையோடு திரும்புவார். வீட்டில் குழம்பு தயாராக இருக்கும். அந்த மீன் எங்கிருந்து வந்தது என்று அவரும் கேட்க மாட்டார், இவரும் சொல்ல மாட்டார். இரண்டு பேரும் சந்தோஷமாகச் சாப்பிடுவார்கள். இப்படி ஒரு தாம்பத்தியத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எனக்கு மீன் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்துப்போகும். அப்படிப்பட்ட நான் ஞாயிறு தவறாமல் மீன் பிடிக்கப் போனேன் என்றால் அதற்கு டேப்பு பாய்தான் காரணம். "ரூம்ல உக்காந்து சுவத்தப் பாக்கறதுக்கு, அங்க வந்து தண்ணியப் பாருங்க சார்" என்று ஒரு நாள் கூப்பிட்டார். அறைச் சுவர் காரை பெயர்ந்து கிடந்தது. போனேன்.

கச்சிராயபாளையம் தாண்டினால் மலை கிட்டத்தில் வந்துவிடும். அணைக் கரையில் இறங்கியதும் பாய் எனக்குச் சட்டதிட்டங்களைச் சொன்னார். பேசக் கூடாது. இருமக் கூடாது. சிவப்புச் சட்டை கூடாது. மிக முக்கியமாக, அங்கே 'மீன்' என்ற வார்த்தையைச் சொல்லவே கூடாது.

"பின்னே எப்படிச் சொல்றது?"

"மாப்ளன்னு சொல்லுங்க. மரியாத குடுத்தா வருவான்."

முதல் நாள் எனக்குத் தும்மல் வந்துவிட்டது. பாய் என்னைத் திட்டவில்லை. எழுந்து வந்து என் தோளில் கையைப் போட்டு, மெல்ல நடத்திக்கொண்டு போய், ஐம்பது அடி தள்ளி ஒரு பாறையில் உட்கார வைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினார். அன்று முழுக்க நாங்கள் கைஜாடையில்தான் பேசிக்கொண்டோம். 'சாப்பிடலாமா' என்று நான் காட்டிய ஜாடையை 'மாட்டிவிட்டதா' என்று எடுத்துக்கொண்டு அவர் இரண்டு தடவை தூண்டிலை வீணாக இழுத்தார்.

இரை விஷயத்தில் அவர் ஒரு விஞ்ஞானி. வருடக்கணக்காக மண்புழு போட்டுப் பார்த்தாயிற்று. கோழிக் குடல், தவளை எல்லாம் ஆயிற்று. பிறகு அவருக்கு ஒரு யோசனை தோன்றியது.

"தெனம் புழுவே போட்டா எவன் சார் திம்பான்? நீங்க தெனமும் உப்புமா திம்பீங்களா?"

நான் பக்கத்து மெஸ்ஸில் தினமும் அதைத்தான் தின்றுகொண்டிருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வாளைக்கு விருந்துச் சாப்பாடு ஆரம்பித்தது. பரோட்டா போட்டார். ஒரு நிக்காஹ் வீட்டு பிரியாணியில் தன் பங்குக்கு வந்த கோழிக் காலைத் தின்னாமல் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து போட்டார். அதைக் கேள்விப்பட்ட பாயம்மா, "கட்னவளுக்கு ஒரு துண்டு எடுத்தாரத் தோணல பாரு" என்று ஒரு வாரம் பேசவில்லை. வாளையும் பேசவில்லை. மாட்டியதெல்லாம் விரலளவு கெளுத்தி, ஜிலேபிக் கெண்டை, ஒரு செருப்பு, ஒரு லுங்கி. லுங்கியை மட்டும் பாய் பிழிந்து, வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, ஓரத்தை ஆராய்ந்து பார்த்தார். "நல்ல தையலு சார். எவனோ நம்ம ஆளுதான் அடிச்சிருக்கான்" என்று சொல்லி மடித்து வைத்துக்கொண்டார்.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. நான் அந்தத் தண்ணீரைப் பார்த்தேன், நீர்க்காகங்களைப் பார்த்தேன், மலைமேல் மேகம் இறங்குவதையும் ஏறுவதையும் பார்த்தேன். வாளையை மட்டும் பார்க்கவில்லை.

அந்த வருடக் கோடை கடுமையாக இருந்தது. அணையில் தண்ணீர் குறைந்து குறைந்து, நடுவில் ஒரு குட்டையாக வந்து நின்றது. மீன் குத்தகை எடுத்தவர் நல்ல மனிதர். கரையில் தூண்டில் போடுகிற பாயை ஒருநாளும் அவர் ஒன்றும் சொன்னதில்லை. அவரே ஒரு நாள் கடைக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். "பாய், தண்ணி ரொம்பக் கம்மியாப் போச்சி. ஞாயித்துக்கெழம பெரிய வலை போட்டு மொத்தமா இழுக்கறோம். ஒங்க ஆளு இருந்தா அன்னிக்கித் தெரிஞ்சிடும்."

அன்றிலிருந்து டேப்பு பாய் மாறிப்போனார். அளவெடுக்கும்போது எண்ணை மறந்தார். ஒரு ஏட்டய்யாவின் பேண்டில் பாக்கெட்டின் வாயைச் சேர்த்துத் தைத்துவிட்டார். ஏட்டு கடைக்கு வந்து, பாக்கெட்டில் கை நுழையாமல் இடுப்பைத் தடவித் தடவிக் காட்டினார். பாய், "இருக்கட்டும் சார், பத்திரமா இருக்கும்" என்றார்.

சந்தே ஆவலாக இருந்தது. டீ மாஸ்டர் கடையில் அதே பேச்சு. "ஞாயித்துக்கெழம டேப்பு பாயோட டேப்பு கிழியப் போவுது" என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலையில் பாயம்மா மாடிப்படி ஏறி வந்தார். அதுவரை அவர் மேலே வந்ததே கிடையாது. வாசலிலேயே நின்றார்.

"சார், நாளிக்கி நீங்க அந்த மனுசன்கூடப் போங்க."

"போறேம்மா. நான்தான் எப்பவும் போறேனே."

"அதில்ல சார். அந்த மீனு வலையில வந்துச்சின்னா, அது இன்னொருத்தன் புடிச்ச மீனாப் பூடும். வரலைன்னா, இவரு பொய் சொன்னவராப் பூடுவாரு. எப்டிப் பாத்தாலும் அந்த மனுசன் வூட்டுக்கு அழுதுக்கினுதான் வரும். நான் கேலி பண்ணுவேன் சார், அது வேற. மத்தவங்க பண்ணா எனக்குத் தாங்காது."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டார். இரண்டு வருடமாக அந்த அம்மாளின் கேலியைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அன்றுதான் அது என்னவென்று புரிந்தது.

ஞாயிறன்று அணைக்கரையில் நல்ல கூட்டம். எங்கள் சந்திலிருந்தே ஒரு ஷேர் ஆட்டோ நிறைய வந்திருந்தார்கள். கடையைச் சாத்திவிட்டு டீ மாஸ்டரும் வந்திருந்தார். பாய் துவைத்த சட்டை போட்டு, முடி வாரி, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காத்திருக்கிற தகப்பனைப் போல நின்றார். கையில் தூண்டில் இல்லை. தூண்டில் இல்லாமல் அவரை அங்கே பார்க்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

இருபது ஆட்கள் இரண்டு பக்கமும் வலையைப் பிடித்து இழுத்தார்கள். வளையம் சிறுத்துக்கொண்டே வந்தது. தண்ணீர் கொதிப்பதுபோல் துள்ளியது. கட்லா, ரோகு, கெண்டை என்று வெள்ளியாய்க் குதித்தன. பாய் என் முழங்கையைப் பிடித்திருந்தார். வலை நெருங்க நெருங்க அவர் பிடி இறுகியது. எனக்குக் கை மரத்தே போய்விட்டது. வலை கரையேறியது.

வாளை இல்லை.

எல்லாரும் வலையைப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் பாயைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை. பரீட்சையில் பிள்ளை பாஸாகிவிட்டது என்று கேட்டவர் மாதிரி இருந்தார்.

"தப்பிச்சிட்டான் சார்" என்று என் காதில் சொன்னார்.

அப்போதுதான் வலையை உதறிய ஆள் ஒருவர், "இங்க கிழிஞ்சிருக்குதே" என்றார். வலையின் நடுமடியில் பெரிய ஓட்டை. அவ்வளவுதான், பாய் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். கழுத்திலிருந்த டேப்பை உருவினார். சேற்றில் மண்டியிட்டு ஓட்டையின் விளிம்பைச் சுற்றி, ஒரு இழைகூட விடாமல் அளந்தார். இருநூறு பேர் மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

"நாப்பத்தி நாலு" என்று நிமிர்ந்தார். "பதினாறு வருசத்துல ரெண்டே இஞ்ச்தான் ஏறியிருக்கான். ஒடம்ப நல்லா வச்சிருக்கான் சார்!"

கரையே சிரிப்பில் அதிர்ந்தது. குத்தகைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பாய், அது அடியில கெடக்கற வேலமரக் கட்ட கிழிச்சது" என்றார்.

"கட்டைன்னா நீட்டமாக் கிழிக்கும். இது வட்டமாக் கிழிஞ்சிருக்குது. எனக்குத் துணியப் பத்தி சொல்லாதீங்க."

"சரி பாய். ஒங்களத் தவிர அத வேற யாராச்சும் ஒருத்தர் பாத்திருக்காங்களா? ஒரே ஒருத்தர்?"

சிரிப்பு அடங்கியது. பாய் டேப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றுகிற வேகம் குறைந்துகொண்டே வந்தது.

டீ மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "சார்தான் ரெண்டு வருசமாக் கூட வர்றாரே. கவர்மெண்ட்டு ஆளு, பொய் சொல்ல மாட்டாரு. நீங்க சொல்லுங்க சார். நீங்க பாத்தீங்களா?"

அலுவலகத்தில், அசலைப் பார்க்காமல் நகலில் முத்திரை வைக்க மாட்டேன் என்று எனக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. சொந்த மைத்துனனின் மார்க் ஷீட்டைக்கூட அசல் கொண்டுவா என்று திருப்பி அனுப்பியவன். இருநூறு முகங்கள் என்னைப் பார்த்தன. டேப்பு பாய் மட்டும் பார்க்கவில்லை. அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாத்தேன்" என்றேன்.

குத்தகைக்காரர் குனிந்து ஓட்டையை மறுபடியும் பார்த்தார். வலை இழுத்தவர்களில் ஒருவர், "இழுக்கும்போது ஒரு இடி இடிச்சிதுங்க. நான் கட்டைன்னு நெனச்சிக்கினேன்" என்றார். அவருக்குப் பக்கத்தில் நின்றவர், கறுப்பாக ஒரு முதுகைப் பார்த்ததாகச் சொன்னார். கால் மணி நேரத்துக்குள் ஏழு பேர் பார்த்துவிட்டார்கள். எட்டாவது ஆள் டீ மாஸ்டர். "மீச தெரிஞ்சிதுப்பா" என்று அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததை நான் என் காதால் கேட்டேன்.

திரும்பும்போது மொபெட்டில் பாய் நன்றி சொல்வார், இல்லை 'ஏன் சார் பொய் சொன்னீங்க' என்று கேட்பார் என்று நான் பின்னால் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தேன். கச்சிராயபாளையத்துக்குச் சற்று முன்னால், ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை, திரும்பவும் இல்லை.

"சார்."

"சொல்லுங்க பாய்."

"எவ்ளோ பெருசு இருந்தான்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கவாட்டுக் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. அதில் சிரிப்பு இல்லை. டாக்டர் என்ன சொல்லப்போகிறாரோ என்று காத்திருக்கிறவரின் முகம் அது. ஒரு மனிதர் தனியாக ஒரே ஒரு தடவை பார்த்த ஒன்றைப் பதினாறு வருடம் தனியாகச் சுமந்துகொண்டு திரிந்தால், நடுவில் எத்தனை நாள் அவருக்கே சந்தேகம் வந்திருக்கும்? இரண்டு வருடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் நான் அதை யோசித்ததில்லை.

"நாப்பதுக்குக் கொறையாது பாய்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"நாப்பத்தி நாலு சார்" என்றார். "வெயில்ல ஒங்களுக்குக் கண்ணு கூசியிருக்கும். அதான் கம்மியாத் தெரிஞ்சிருக்குது." வண்டியைக் கிளப்பினார். கள்ளக்குறிச்சி வரும் வரைக்கும் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

சென்ற வருடம் எனக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் ஆகிவிட்டது. அணையிலும் தண்ணீர் ஏறிவிட்டது. மாதத்தில் இரண்டு ஞாயிறு முதல் பஸ் பிடித்து வந்துவிடுகிறேன். பாய் ஸ்டாண்டில் மொபெட்டோடு நிற்பார். இருவரும் அதே கரையில் உட்கார்ந்து ஜாடையில் பேசிக்கொள்கிறோம். தக்கை லேசாக அசைந்தால்கூட இப்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. மாப்பிள்ளை ஒருவேளை நிஜமாகவே மாட்டிவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் எங்கே போவோம்?